உள்ளேன் ஐயா!

1968-ம் வருடத்தின் முதல் நாள். புத்தாண்டு இரவு போட்ட ஆட்டத்தின் மிச்சம் டிக் மார்லி என்ற அமெரிக்க எஞ்சினீயரின் மண்டைக்குள் இன்னும் இடித்துக்கொண்டிருந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்து பெட்ஃபோர்டில் அவரும் கூட்டாளிகளும் நடத்திய பெட்ஃபோர்டு அசோசியேட்ஸ் நிறுவனத்துக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. சுவாரசியத்துக்குத்தான் பஞ்சம். ஒரு கம்பெனி வந்து தன் இயந்திரத்தை ஓட்ட மினி கம்ப்யூட்டர் பொருத்தித் தரச் சொல்லும். முடித்துக் கொடுத்தால் அடுத்த கம்பெனி வரும், ஏறக்குறைய அதே வேலையோடு. அரைத்த மாவையே அரைத்து அலுத்துப்போன மார்லி, தலைவலியோடு தலைவலியாக உட்கார்ந்து ஒரு குறிப்பு எழுதினார். எந்த இயந்திரத்துக்கும் பொருந்தக்கூடிய, மனம்போல மாற்றி எழுதிக்கொள்ளக்கூடிய ஒரே பெட்டி. அப்படி ஒரு பெட்டிக்காக இன்னோர் ஊரில் ஒரு ராட்சதக் கம்பெனியும் தவித்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

அந்தக் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ். அதன் கியர் பெட்டி தயாரிக்கும் ஹைட்ரா-மேட்டிக் பிரிவில் இயந்திரங்களை ஆட்டிவைத்தவை ரிலேக்கள் என்ற மின்காந்த ஸ்விட்சுகள். பீரோ பீரோவாக பேனல்கள், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கில் ரிலே, காடாய்ப் பின்னிய ஒயர். புது மாடல் கார் வந்தால் இயந்திரம் செய்யும் வேலையும் மாறும். வேலை மாறினால் ஒயரை எல்லாம் பிடுங்கி மறுபடி பின்ன வேண்டும். பொறுமை இழந்த எஞ்சினீயர்கள் 1968-ல் ஒரு தேவைப் பட்டியலே போட்டு வெளியிட்டார்கள். தூசி, ஈரம், அதிர்வு எல்லாவற்றையும் தாங்க வேண்டும். கம்ப்யூட்டர் போல மாற்றி எழுத முடிய வேண்டும். ஆனால் கம்ப்யூட்டர் படித்தவன் வந்துதான் தொட வேண்டும் என்று இருக்கக் கூடாது. போட்டிக்கு வந்தவர்களில் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற ஜாம்பவானும் உண்டு. அவர்களின் பெட்டிதான் முதலில் தயாரானது. ஆனால் அதில் புரோகிராமை மாற்ற வேண்டுமென்றால் அவர்களுக்கே எழுதி அனுப்பி, நினைவகத்தைக் கம்பியால் புதிதாகப் பின்னி வாங்க வேண்டும்! ஒயர் பின்னும் தொல்லைக்குப் பயந்து வந்தவர்களுக்கு மறுபடியும் ஒயர் பின்னல். கதவு மார்லிக்குத் திறந்தது.

1969 நவம்பரில் ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போய்ச் சேர்ந்த பெட்டியின் பெயர் மோடிகான் 084. பெட்ஃபோர்டு அசோசியேட்ஸின் 84-வது வேலை என்பதால் அந்த எண். வெளிக்காற்று உள்ளே புகக் கூடாது என்பதற்காக மின்விசிறி வைக்கவில்லை. அணைப்பதற்கு ஸ்விட்ச்கூட வைக்கவில்லை. இதை அணைக்கவே தேவையிராது என்ற திமிர். பழைய எலெக்ட்ரீஷியன்கள் மிரளக் கூடாது என்று, அவர்களுக்குப் பழக்கமான ரிலே வரைபடத்தையே புரோகிராம் எழுதும் மொழியாக்கியிருந்தார்கள். எல்லாம் யோசித்தார்கள், ஒன்றைத் தவிர.

ரிலே பேனல் சத்தம் போடும். டக், டக் என்ற அந்தத் தாளத்தைக் கேட்டே அனுபவசாலி எலெக்ட்ரீஷியன் எந்த வரிசையில் கோளாறு என்று மோப்பம் பிடிப்பார். கதவைத் திறந்தால் ஒட்டிக்கொண்ட ரிலே கண்ணெதிரே நிற்கும். சிலிக்கான் பெட்டியோ கல்லுளிமங்கன். ஓடுகிறதா, உறைந்துவிட்டதா, தப்பாக ஓடுகிறதா என்று காதுக்கும் கண்ணுக்கும் ஒரு துப்பும் கிடைக்காது. உள்ளே நடப்பதைப் பார்க்க ஆள் நடந்துபோய் புரோகிராமிங் பேனலைச் செருக வேண்டும். பெட்டி ஒன்றாக இருந்தவரை பரவாயில்லை. அது பத்தாகி, நூறாகிக் கட்டடம் முழுக்கப் பரவியபோது என்ன செய்வது?

இதே கவலை, பெட்ஃபோர்டிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் இருந்த கேம்பிரிட்ஜில், வேறொரு கூட்டத்தையும் பிடித்து ஆட்டியது. போல்ட் பெரானெக் அண்டு நியூமன் என்ற நிறுவனம் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சித் துறைக்காக ஒரு வலைப்பின்னலைக் கட்டிக்கொண்டிருந்தது. ஆர்ப்பாநெட். ஒவ்வோர் ஊரிலும் ஐ.எம்.பி. என்ற பெட்டி, தொலைபேசி லைன் வழியாகப் பேக்கெட் என்ற செய்தித் துணுக்குகளை வாங்கிக் கடத்துவது அதன் பிழைப்பு. முதல் பெட்டி 1969 ஆகஸ்டு 30-ல், 084 பிறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் போய் இறங்கியது. போர்க்கப்பலில் வைக்கலாம் போன்ற இரும்பு உடம்பு. கைக்குறுகுறுப்புள்ள ஆராய்ச்சி மாணவர்கள் நோண்டிவிடுவார்களே என்ற பயம் அதைக் கட்டியவர்களுக்கு உண்மையிலேயே இருந்தது. பெட்டி இருப்பது மேற்குக் கரையில், கட்டியவர்கள் இருப்பது கிழக்குக் கரையில். படுத்துவிட்டால் யார் போய்ச் சொல்வது?

பெட்டியே சொல்லட்டும் என்று முடிவெடுத்தார்கள். ஒவ்வோர் ஐ.எம்.பி.யும் நிமிடத்துக்கு ஒருமுறை கேம்பிரிட்ஜுக்கு ஒரு சின்ன அறிக்கை அனுப்ப வேண்டும்: நான் ஓடுகிறேன், என்னோடு சேர்ந்த இன்னின்ன லைன்கள் ஓடுகின்றன. அறிக்கை வராமல் போனால் அந்த வராமையே செய்தி. பள்ளிக்கூடத்தில் பெயர் வாசிக்கும்போது கடைசி பெஞ்சிலிருந்து வரும் "உள்ளேன் ஐயா" இருக்கிறதே, ஏறக்குறைய அதேதான். விளைவு, கேம்பிரிட்ஜில் உட்கார்ந்தபடியே கலிஃபோர்னியாவின் இரண்டு ஊர்களுக்கு இடையே லைன் கெட்டுப்போனதைக் கண்டுபிடித்துத் தொலைபேசிக் கம்பெனிக்குப் போன் போட்டார்கள். எதிர்முனை நம்பவில்லை. 4,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவனுக்கு எங்கள் லைன் போனது எப்படித் தெரியும்? போய்ப் பார்த்தால் லைன் போயிருந்தது. தூரத்து இயந்திரத்தின் நாடியைப் பிடிக்கும் வித்தை கைகூடிவிட்டது. வித்தையின் மறுபக்கம் தெரிய இன்னும் சில வருடங்கள் இருந்தன.

இதற்கிடையில் தொழிற்சாலைப் பக்கம், 084-ன் பெயரைத் தாங்கிய மோடிகான் கம்பெனி தன் பெட்டிகளுக்கென்று ஒரு மொழியை 1979-ல் வெளியிட்டது. பெயர் மோட்பஸ். இங்கே ஆர்ப்பாநெட்டுக்கு நேர் எதிரான ஒழுங்கு. பெட்டிகள் தாமாக வாய் திறக்கவே கூடாது. மாஸ்டர் என்று ஒருவர்; மற்றவர்களுக்கு 1 முதல் 247 வரை எண்கள். மாஸ்டர் எண்ணைச் சொல்லிக் கேட்டால், அந்த எண்ணுக்குரியவர் மட்டும் பதில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். 0 என்று கூப்பிட்டால் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்வதாக அர்த்தம். யாரும் பதில் சொல்லக் கூடாது. கண்டிப்பான வாத்தியார் வகுப்பேதான்.

கேள்வியின் சிக்கனம் அபாரம். யாருக்கு என்பதற்கு ஒரு பைட். என்ன வேலை என்பதற்கு ஒன்று. எந்த ரிஜிஸ்டரிலிருந்து என்பதற்கு இரண்டு. எத்தனை என்பதற்கு இரண்டு. வழியில் சிதையாமல் வந்ததா என்று சரிபார்க்கக் கடைசியில் இரண்டு. மொத்தம் 8 பைட். அன்றைய லைனில் விநாடிக்கு 9,600 பிட் வேகம் என்றால், அனுப்பி முடிக்க ஒரு விநாடியில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. எட்டாம் எண் வேலை என்று ஒன்று உண்டு. அதில் ஒரு வகை, அனுப்பியதை அப்படியே திருப்பி அனுப்பச் சொல்வது. உயிரோடு இருக்கிறாயா என்று கேட்பதைத் தவிர அதற்கு வேறு நோக்கமில்லை. பெட்டி மும்முரமாக இருந்தால், இப்போது கை ஒழியவில்லை என்று சொல்லக்கூட ஓர் எண் இருந்தது. ஆனால் கேள்வி வழியில் சிதைந்து வந்தால் பெட்டி பதிலே சொல்லாது. அப்போது அது செத்துவிட்டதா, கேள்வி காதில் விழவில்லையா என்று மாஸ்டருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. கொஞ்சம் பொறுத்துத் திரும்பக் கேட்கும். சில தடவை பார்த்துவிட்டு ஆப்சென்ட் போட்டுவிடும்.

மோட்பஸைக் காசு வாங்காமல் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று மோடிகான் விட்டது. போட்டிக் கம்பெனிகளும் எடுத்துக்கொண்டன. மீட்டர், பம்ப், கொதிகலன் என்று எல்லாம் இந்த மொழியைக் கற்றுக்கொண்டன. கேட்டால்தான் பேச வேண்டும் என்ற ஒழுங்கு எவ்வளவு புத்திசாலித்தனம் என்பதை மறுவருடமே ஆர்ப்பாநெட் நிரூபித்துக் காட்டியது.

1980 அக்டோபர் 27. ஆர்ப்பாநெட் முழுவதும் ஒரேயடியாக ஸ்தம்பித்தது. ஒரு பெட்டியோ ஒரு லைனோ அல்ல, நாடு முழுக்க. லைன் நிலவரத்தைச் சொல்ல ஒவ்வோர் ஐ.எம்.பி.யும் மற்ற எல்லோருக்கும் அனுப்பும் சேதிகளில் வரிசை எண் உண்டு; பெரிய எண் வந்தால் புதுச்சேதி, பழையதைத் தள்ளிவிடலாம். எண் 63-ஐத் தொட்டதும் மறுபடி 0-விலிருந்து தொடங்கும். அன்று 29-ம் ஐ.எம்.பி.யில் ஒரு வன்பொருள் கோளாறு, பிட்டுகளை உதிர்த்துக்கொண்டிருந்தது. 50-ம் ஐ.எம்.பி. அனுப்பிய சேதியின் எண் 44. அதில் ஒரு பிட் உதிர்ந்து 40 ஆனது. இன்னொன்று உதிர்ந்து 8 ஆனது. சுற்றிவரும் எண் என்பதால், கணக்குப்படி 44-ஐ விட 8 புதியது, 8-ஐ விட 40 புதியது, 40-ஐ விட 44 புதியது. மூன்று பேர், ஒவ்வொருவரும் இன்னொருவருக்குத் தம்பி! மூன்று சேதிகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றின. நிலவரச் சேதிக்கு முதல் மரியாதை என்பது விதி. ஆகவே பெட்டிகள் உருப்படியான வேலையைப் போட்டுவிட்டு இவற்றையே கடத்திக் கடத்தி மூச்சுத் திணறின. ஒன்றை நிறுத்திக் கிளப்பினால் பக்கத்துப் பெட்டி அதே சேதியை மறுபடி ஊட்டிவிடும். 50-ன் சேதியை யாரும் காதில் வாங்க வேண்டாம் என்று எல்லாப் பெட்டிகளுக்கும் சொல்லிக்கொடுத்துத்தான் சில மணி நேரத்துக்குப் பிறகு மீண்டார்கள். நலம் சொல்ல வந்த சேதியே வலைப்பின்னலை மூர்ச்சையாக்கியது. வேறு வழி தேவைப்பட்டது. அந்த வழி ஒரு மனிதரின் கோபத்திலிருந்து வந்தது.

மேரிலாண்டில் ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆராய்ச்சிக்கூடம். 1983 டிசம்பரில் ஒருநாள் நெட்வொர்க் மக்கர் செய்தது. அங்கே வேலை பார்த்த மைக் மூஸுக்கு, அந்த ஜூலையில் நார்வேயில் நடந்த கூட்டத்தில் டேவ் மில்ஸ் என்பவர் சொன்ன ஒரு யோசனை ஞாபகத்துக்கு வந்தது. எதிரொலிப் பேக்கெட்டை அனுப்பி, அது திரும்பிவர ஆகும் நேரத்தை அளக்கலாம். மூஸ் கடகடவென்று புரோகிராம் எழுதினார். ஓட்டினார். ஓடவில்லை. இந்த வகைப் பேக்கெட்டை அனுப்பும் வசதியே கம்ப்யூட்டரின் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மையமான கெர்னலில் கிடையாது! எரிச்சலடைந்த மனிதர் கெர்னலையே திறந்து அந்த வசதியையும் எழுதிச் சேர்த்தார். விடிவதற்குள் எல்லாம் தயார். முதல் பேக்கெட்டை ஏவலாம் என்று பார்த்தால், அதற்குள் சக ஊழியர் ஒருவர் கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டிருந்தார்.

எதற்காகப் பிறந்ததோ அதற்குப் பயன்படாத அந்தப் புரோகிராமுக்கு, நீர்மூழ்கியின் சோனார் எழுப்பும் ஒலியை வைத்து மூஸ் பிங் என்று பெயரிட்டார். ஆயிரம் வரி அளவிலான குட்டிப் புரோகிராம். இதுதான் தன் பேர் சொல்லும் என்று தெரிந்திருந்தால் இன்னும் ஓரிரு நாள் உட்கார்ந்து கூடுதல் வசதிகளைச் சேர்த்திருக்கலாமே என்று பிற்பாடு அவரே அங்கலாய்த்தார். பிங்குக்கு ஒரே ஒரு குறை. பதில் வந்தால் ஆள் இருக்கிறார் என்று தெரியும். ஆள் எப்படி இருக்கிறார் என்று தெரியாது.

அதைக் கேட்க 1988-ல் வந்தது எஸ்.என்.எம்.பி. என்ற மொழி. டென்னசி பல்கலைக்கழகத்தின் ஜெஃப் கேஸ் உள்ளிட்ட நால்வர் எழுதியது. எத்தனை நாளாக விழித்திருக்கிறாய், எந்த லைன் ஓடுகிறது, எத்தனை பேக்கெட் கெட்டுப்போயின என்று எந்தப் பெட்டியையும் ஒரே மாதிரியாகக் கேட்கலாம். ஆபத்தென்றால் பெட்டி தானாகவும் குரல் கொடுக்கலாம். வேடிக்கை, இதைத் தற்காலிக ஏற்பாடாகத்தான் பெரியவர்கள் ஒப்புக்கொண்டார்கள். சர்வதேசத் தரத்தின்படி கனமான, முழுமையான வேறொன்று தயாராகும்வரை இது ஓடட்டும் என்பது திட்டம். கனமானது வருவதற்குள் எளிமையானது எல்லாப் பெட்டியிலும் குடியேறிவிட்டது. ஆனால் இதெல்லாம் நெட்வொர்க்காரர்களின் பெட்டிகளுக்குள் நடந்த கூத்து. நிஜமான ஓர் இயந்திரத்தை இப்படி விசாரிக்க முடியுமா? பதில் ஒரு ரொட்டித் துண்டிலிருந்து வந்தது.

1989-ல் இன்டெராப் என்ற நெட்வொர்க் கண்காட்சியின் தலைவர் டான் லிஞ்ச், ஜான் ராம்கி என்பவரிடம் சவால் விட்டார். ஒரு டோஸ்டரை இன்டர்நெட்டில் இணைத்துக் காட்டினால், அடுத்த வருடக் கண்காட்சியில் அதற்குத்தான் ராஜ மரியாதை. ராம்கி சும்மா இருப்பாரா? ஆஸ்திரேலியாவின் சைமன் ஹேக்கெட்டைச் சேர்த்துக்கொண்டு, சன்பீம் டோஸ்டர் ஒன்றுக்கு எஸ்.என்.எம்.பி. பேசக் கற்றுக்கொடுத்தார். 1990 கண்காட்சியில் கம்ப்யூட்டர் கட்டளை போட, டோஸ்டர் சூடேறி ரொட்டி சிவந்தது. எவ்வளவு நேரம் மின்சாரம் பாய்கிறதோ அவ்வளவு சிவப்பு. ரொட்டியை மட்டும் ஆள்தான் போட வேண்டியிருந்தது. மறுவருடம் அதற்கும் ஒரு சின்ன கிரேன் வந்துவிட்டது. கூட்டம் சிரித்தது. சிரிப்புக்கு நடுவே, பேக்கெட் கடத்தும் பெட்டிக்கும் இரும்பு, சூடு, மோட்டார் என்று இயங்கும் பெட்டிக்கும் இடையிலிருந்த சுவர் ஓட்டையானதைக் கவனித்தவர்கள் சிலரே.

அந்த ஓட்டை வாசலானது 1999-ல். மோட்பஸை இன்டர்நெட்டின் பேக்கெட்டுக்குள் மடித்துவைத்து அனுப்பும் முறை வெளியானது. அதற்கென்று 502 என்ற கதவு எண்ணும் கிடைத்தது. 1969-ல் 20 கிலோமீட்டர் இடைவெளியில் பிறந்து, பேசாமலேயே வளர்ந்த இரண்டு குடும்பங்களும் 30 வருடம் கழித்து சம்பந்தி ஆயின. பம்ப்பை ஆட்டும் பெட்டியை இனி பிங் செய்யலாம், எஸ்.என்.எம்.பி.யில் குசலம் விசாரிக்கலாம், மோட்பஸில் வேலை வாங்கலாம். கல்யாண அவசரத்தில் ஒன்றை மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்பது யார், பதில் சொல்வது யார்? மோட்பஸில் பாஸ்வேர்டே கிடையாது. எஸ்.என்.எம்.பி.யின் முதல் வடிவத்தில் உண்டு. பெரும்பாலான பெட்டிகளில் அது பப்ளிக் என்ற சொல்லாகவே இருந்தது, அதுவும் மூடாமல் திறந்தபடி லைனில் போனது.

2010 ஜூனில் பெலாரஸைச் சேர்ந்த ஒரு சிறிய ஆன்டி-வைரஸ் கம்பெனி, ஈரானியக் கம்ப்யூட்டர் ஒன்றில் விநோதமான புழுவைப் பிடித்தது. ஸ்டக்ஸ்நெட். ஜெர்மனியின் ரால்ஃப் லாங்னர் உள்ளிட்ட நிபுணர்கள் அதைப் பிரித்துப் பார்த்தபோது அதன் குறி கம்ப்யூட்டரே அல்ல என்று தெரிந்தது. நதான்ஸ் அணு நிலையத்தில் சென்ட்ரிஃப்யூஜ்களை ஆட்டிவைத்த சீமன்ஸ் பெட்டிகள்தான் குறி. அதன் ஒரு பகுதி செய்த காரியம் நெஞ்சழுத்தத்தின் உச்சம். எல்லாம் ஒழுங்காக ஓடும்போது 21 விநாடிகளுக்கு அளவுகளைப் பதிவு செய்துகொள்ளும். பிறகு உள்ளே நாசவேலை நடக்க, வெளியே அந்த 21 விநாடியையே திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டும். கல்லூரியில் வராத நண்பனுக்காகக் குரலை மாற்றி ப்ராக்ஸி கொடுப்பார்களே, அதேதான். வாத்தியார் கேட்டுக்கொண்டே இருந்தார். பதிலும் வந்துகொண்டே இருந்தது.

அந்தப் பதில் வந்து உட்காரும் இடம், இன்றைக்குக் குடிநீர் நிலையம், மின் நிலையம், சிமென்ட் ஆலை என்று எந்தக் கன்ட்ரோல் ரூமின் திரையிலும் இருக்கிறது. நெடுகப் பெட்டிகளின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மிளகு அளவில் ஒரு பச்சைப் புள்ளி. ஷிஃப்ட் மாறி வரும் ஆபரேட்டர் அதைப் பார்ப்பதில்லை; சிவப்பாக மாறினால்தான் பார்ப்பார். புத்தாண்டுத் தலைவலியில் தொடங்கி, மூன்று தம்பிகளிடம் மூர்ச்சையாகி, டோஸ்டரில் வெந்து வந்த புள்ளி அது. கேட்டேன், பதில் வந்தது என்பதற்கு மேல் அது எதற்கும் பொறுப்பேற்காது.

அந்தப் பச்சைக்கு அடியில், எத்தனை நாளாக விழித்திருக்கிறாய் என்ற எஸ்.என்.எம்.பி. கேள்வி இன்றும் போய்க்கொண்டிருக்கிறது. பதிலை விநாடியில் நூற்றில் ஒரு பங்காக எண்ணிச் சொல்ல 32 பிட் ஒதுக்கியிருந்தார்கள். 497 நாளில் அந்த இடம் நிரம்பி, எண் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். ஒரு வருடம் நாலு மாதத்துக்கு மேல் ஒருநாள்கூட லீவு போடாமல் உழைத்த பெட்டியைப் பார்த்துத்தான், இது இப்போதுதான் அணைந்து எரிந்திருக்கிறது என்று பல திரைகள் எச்சரிக்கை மணி அடிக்கின்றன.